இரண்டு விண்ணப்பங்கள்: மீட்பை வாக்களித்த சித்தாந்தங்களும் எம். எம். தாமஸும்

1940களின் தொடக்கத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் இரண்டு விண்ணப்பங்களை அளித்தார். ஒன்று, மார்த்தோமா திருச்சபையில் குருப்பட்டம் பெறுவதற்கு. மற்றொன்று, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் உறுப்பினராவதற்கு. இரண்டும் நிராகரிக்கப்பட்டன. அவருடைய மார்க்சியச் சாய்வைச் சபை ஏற்கவில்லை. அவருடைய கிறிஸ்தவ விசுவாசத்தைக் கட்சி ஏற்கவில்லை.

அந்த இளைஞர் எம். எம். தாமஸ். 1916 மே 15 அன்று கோழஞ்சேரியில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் வேதியியல் பயின்று பட்டம் பெற்றவர். இறையியல் கல்லூரி எதிலும் முறையாகப் பயின்று பட்டம் பெறாமலேயே இருபதாம் நூற்றாண்டின் முதன்மையான ஆசிய இறையியலாளர்களுள் ஒருவரானார். 1968 முதல் 1975 வரை உலகத் திருச்சபைகள் மன்றத்தின் மத்தியக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கால எழுத்தில் அவர் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்ட கேள்வி ஒன்று உண்டு. கடவுளின் பெயரைச் சொல்லாமலேயே மனிதகுலத்தை மீட்பதாக வாக்களிக்கும் சித்தாந்தங்களைக் கிறிஸ்தவம் எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும்? இந்தியாவில் இக்கேள்விக்குத் திருச்சபை வழக்கமாக அளித்துவந்த விடை நாத்திகத்தைப் பற்றிய அச்சமாகவே இருந்தது. தாமஸின் விடை வேறு திசையில் சென்றது.

அவர் வளர்ந்த நிலப்பகுதியே இரண்டு வாக்குறுதிகளுக்கிடையே அமைந்திருந்தது. கோழஞ்சேரிக்கு அருகே பம்பை ஆற்றின் மணற்பரப்பில் 1895ஆம் ஆண்டு முதல் மாராமண் கன்வென்ஷன் நடைபெற்றுவருகிறது. பல்லாயிரம் பேர் கூடும் அந்த மணலில் பாவ உணர்வும் மனந்திரும்புதலும் ஆத்தும இரட்சிப்பும் தலைமுறை தலைமுறையாகப் பிரசங்கிக்கப்பட்டன. அதே காலத்தில் ஆலப்புழையின் கயிற்றுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டுகொண்டிருந்தார்கள். 1936இல் கோயில் நுழைவுப் பிரகடனம் வெளியானது. 1938இல் பொறுப்பாட்சி கேட்டு ஸ்டேட் காங்கிரஸ் போராடியது, திவான் சி. பி. ராமசாமி ஐயரின் ஆட்சி அதை அடக்குமுறையால் எதிர்கொண்டது. ஆற்றுமணலில் கேட்ட இரட்சிப்புக்கும் ஆலைவாசலில் கேட்ட விடுதலைக்கும் தொடர்பு ஏதும் உண்டா என்ற கேள்வியை அத்தலைமுறைக் கிறிஸ்தவ இளைஞர் பலரால் தவிர்க்க இயலவில்லை. தாமஸ் முதலில் காந்தியத்தையும் பின்னர் மார்க்சியத்தையும் நாடியது இந்தப் பின்னணியில்தான். 1942 ஜூலையில் கம்யூனிஸ்ட் கட்சியின் மீதான தடை நீங்கியபின் கட்சியில் சேரும் வழியும் வெளிப்படையாகத் திறந்திருந்தது.

இரு தரப்பினரும் பயன்படுத்திய சொற்கள் கவனிக்கத்தக்கவை. 'காத்தல்' என்ற பொருளுடைய வடமொழி வேரிலிருந்து வந்த 'இரட்சிப்பு' தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் நிலைபெற்றது. 'மீட்பு' இன்னும் பழைய நினைவுகளைச் சுமக்கும் சொல். பகைவர் கவர்ந்துசென்ற ஆநிரையை மீட்டல் சங்க இலக்கியத்தின் கரந்தைத் திணை. அடகு வைத்த நகையை மீட்டல் இன்றும் அன்றாட வழக்கு. இழந்த ஒன்று உரியவரிடம் திரும்பி வருதலே இச்சொல்லின் உட்பொருள். 'விடுதலை' அரசியலுக்கும் ஆன்மிகத்துக்கும் பொதுவாயிற்று. தமிழ்நாட்டில் அது பகுத்தறிவு இயக்கத்தின் நாளேட்டுக்குப் பெயரானது. பிற்காலத்தில் 'விடுதலை இறையியல்' என்ற தொடரிலும் இடம்பெற்றது. மலையாளத்தில் 'விமோசனம்' அடைந்த திருப்பம் மேலும் கூர்மையானது. 1957இல் பதவியேற்ற கம்யூனிஸ்ட் அமைச்சரவைக்கு எதிராகக் கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சங்கமும் பிறரும் நடத்திய போராட்டத்தின் பெயர் 'விமோசன சமரம்'. பாட்டாளிக்கு விமோசனம் தருவதாகச் சொன்ன கட்சியிடமிருந்து மாநிலத்துக்கு விமோசனம் கோரிய போராட்டம் அது. 1959 ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டது. ஒரே சொல்லுக்கு இரு தரப்பும் உரிமை கொண்டாடியதிலிருந்தே, அங்கே நடந்தது ஆட்சிப் போட்டியோடு நில்லாமல் மீட்பின் உரிமை குறித்த வழக்காகவும் இருந்தது புலனாகும்.

இவ்வழக்கு கேரளத்தில் தொடங்கியதன்று. 1905ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியுற்ற பின், 1909இல் மாஸ்கோவில் 'வேகி' என்ற கட்டுரைத் தொகுப்பு வெளியானது. 'எல்லைக்கற்கள்' என்பது அதன் பொருள். அதில் எழுதிய ஏழு பேரில் பெர்தியாயெவ், புல்ககோவ் உள்ளிட்ட சிலர் முன்னர் மார்க்சியர்களாக இருந்தவர்கள். குருவின் மகனாகப் பிறந்து பொருளியல் அறிஞரான செர்கெய் புல்ககோவ் தம் கட்டுரையில் புரட்சிக்காரனின் வீரத்தையும் துறவியின் நோன்பையும் எதிரெதிரே நிறுத்தினார். உலகைத் தன் தோளில் தூக்கிக் காப்பாற்ற முனையும் வீரனுக்குத் தன் குற்றங்களைப் பார்க்க நேரம் இருப்பதில்லை. நோன்பாளியின் பணியோ தன் குற்றங்களிலிருந்தே தொடங்குகிறது. லெனின் இத்தொகுப்பை ஓடுகாலிகளின் களஞ்சியமாகக் கண்டு ஏளனம் செய்தார். 1922இல் நிக்கோலாய் பெர்தியாயெவ் உள்ளிட்ட சிந்தனையாளர் பலர் நாடுகடத்தப்பட்டனர். 1937இல் வெளியான தம் நூலில் பெர்தியாயெவ், ரஷ்யக் கம்யூனிசத்தை ரஷ்ய மக்களின் பழைய மேசியா எதிர்பார்ப்பு உருமாறி வந்த வடிவமாக விளக்கினார்.

அமெரிக்காவில் ரைன்ஹோல்ட் நீபூர் வேறொரு பாதையில் இதே இடத்தை அடைந்தார். டெட்ராய்ட் நகரில் 1915 முதல் 1928 வரை போதகராக இருந்து, ஃபோர்டு தொழிற்சாலைத் தொழிலாளரின் வாழ்வை அருகிலிருந்து கண்டவர் அவர். தனிமனிதர் நல்லவராக இருக்கும்போதும் அவர்கள் சேர்ந்த குழுக்கள் தன்னலம் துறப்பதில்லை என்பதை 1932இல் வெளியான நூலில் வாதிட்டார். பின்னர் அவர் சோவியத் நாட்டைக் கடுமையாக விமரிசித்தார். ஆயினும் 1952இல் தம் சொந்த நாட்டையும் அதே அளவுகோலால் அளந்தார். தன்னைக் குற்றமற்ற நாடாகக் கருதிக்கொள்ளும் அமெரிக்காவின் மயக்கமும் ஆபத்தானதே என்று எச்சரித்தார். 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் உருவானபோது, அதன் முதல் பேரவை கம்யூனிசத்தின் சித்தாந்தம், கட்டற்ற முதலாளியத்தின் சித்தாந்தம் ஆகிய இரண்டையும் திருச்சபைகள் நிராகரிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொண்டது. அக்காலத்தில் ஜெனீவாவில் உலகக் கிறிஸ்தவ மாணவர் சம்மேளனத்தில் பணியாற்றிய தாமஸ் இச்சிந்தனைகளின் நடுவே இருந்தார். 1950களில் நியூயார்க்கில் ஓராண்டு தங்கிப் படித்தபோது நீபூரின் தாக்கம் மேலும் ஆழமாயிற்று.

இவர்களிடமிருந்து தாமஸ் எடுத்துக்கொண்டு வளர்த்த கருத்தைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். சித்தாந்தத்தின் சிக்கல் அது நீதியைக் கேட்பதில் இல்லை. நீதியைக் கேட்பவர் தம்மையே நீதிமானாக எண்ணத் தொடங்குவதில் இருக்கிறது. பவுலின் நிருபங்களில் வரும் நியாயப்பிரமாணம் பற்றிய விவாதத்தைத் தாமஸ் இருபதாம் நூற்றாண்டு அரசியலுக்குள் கொண்டுவந்தார். நியாயப்பிரமாணம் நல்லது, ஆனால் அதைக் கைக்கொள்வதாலேயே நீதிமானாகிவிட்டதாகக் கருதுபவனை அது இறுகச்செய்கிறது. தேசியமும் சோசலிசமும் மார்க்சியமும் நவீன காலத்தின் நியாயப்பிரமாணங்கள். அவை மனிதனின் மேன்மையைச் சொல்கின்றன, அநீதியை அடையாளம் காட்டுகின்றன, போராடப் பணிக்கின்றன. போராடுபவன் தவறிழைத்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவற்றில் இடமில்லை. தீமை முழுவதும் எதிரியிடத்தில், எதிர் வர்க்கத்தில், அயல் நாட்டில் இருப்பதாகக் கொள்ளும் அமைப்புக்குத் தன்னுள் எழும் தீமையைப் பெயரிட்டு அழைக்கச் சொல் இருப்பதில்லை.

மாஸ்கோ வழக்குகளை இக்கோணத்தில் பார்த்தால் ஒரு விந்தையான ஒப்புமை தெரிகிறது. 1936 முதல் 1938 வரை நடைபெற்ற அவ்வழக்குகளில் பழைய போல்ஷெவிக் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராக நின்று, தாங்கள் செய்யாத குற்றங்களையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். திருச்சபையின் பாவசங்கீர்த்தனம் அங்கே முழுச் சடங்காக நடந்தது: பொது அறிக்கை இருந்தது, தன்னிகழ்ச்சி இருந்தது, சாட்சிகள் இருந்தார்கள். பாவமன்னிப்பு மட்டும் இல்லை. 1938 மார்ச் மாதத்தில் விசாரிக்கப்பட்ட புகாரின் அம்மாதமே சுட்டுக்கொல்லப்பட்டார். 1988இல்தான் அவர் குற்றமற்றவரென அந்த அரசு அறிவித்தது. 1956 பிப்ரவரி 25 அன்று இருபதாவது கட்சி மாநாட்டில் குருஷ்சேவ் ஸ்டாலினின் கொடுமைகளை வெளிப்படுத்தியபோதும் அமைப்பின் குற்றம் ஒரு தனிமனிதரின் வழிபாட்டின்மேல் ஏற்றப்பட்டது. முன்பு துரோகிகள் சுமந்த பழியை இப்போது இறந்த தலைவர் சுமந்தார். கட்சி தன்னளவில் குற்றமற்றதாகவே நின்றது.

கம்யூனிசத்தின்மேல் இத்தகைய விமரிசனத்தை வைத்த கிறிஸ்தவர் பலர் அத்துடன் நிறுத்திக்கொண்டார்கள். தாமஸ் நிறுத்தவில்லை. பரிசேயன், ஆயக்காரன் உவமையில் சுயநீதி பாராட்டுபவன் கோயிலில் நின்று ஜெபிப்பவன். ஆகவே அந்நோய் முதலில் மதத்தின் நோய். சித்தாந்தங்கள் அதை மதத்திடமிருந்து பெற்றன என்றும் சொல்லலாம். சிலுவைப்போர்களையும் 1560இல் தொடங்கிய கோவா மதவிசாரணையையும் அறிந்தவர்கள் இதை மறுக்க இயலாது. மேசியாத்துவத்தில் இரண்டு வகைகளைத் தாமஸ் பிரித்துக் காட்டினார்: வென்று ஆளும் அரசனின் மேசியாத்துவம் ஒன்று, ஏசாயா தீர்க்கதரிசி காட்டும் பாடுபடும் தாசனின் மேசியாத்துவம் மற்றொன்று. திருச்சபை அதிகாரத்தோடு கூட்டுச் சேர்ந்தபோதெல்லாம் சிலுவையில் அறையப்பட்டவரை விடுத்து வென்று ஆளும் அரசனையே பின்பற்றியது. அச்சபைக்குக் கட்சியின் மேசியாத்துவத்தைக் கண்டிக்கும் தகுதி தானாக வந்துவிடுவதில்லை.

இன்னொரு விதத்திலும் அவர் பிற விமரிசகர்களிடமிருந்து வேறுபட்டார். ஐரோப்பாவில் கம்யூனிசத்தைக் கைவிட்ட எழுத்தாளர் பலர் ஏமாற்றத்தின் குரலில் எழுதினார்கள். ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளின் விடுதலையைக் கண்ட தாமஸுக்கு அந்தக் குரல் பொருந்தவில்லை. நூற்றாண்டுகளாகத் தலைகுனிந்திருந்த மக்கள் தங்களை மனிதரென்று உணர்ந்து எழுவதை அவர் கிறிஸ்துவின் செயலோடு தொடர்புடையதாகவே கண்டார். பெங்களூரில் 1957இல் தொடங்கிய சமய, சமூக ஆய்வுக்கான கிறிஸ்தவ நிறுவனத்தில் முதலில் சென்னையைச் சேர்ந்த பி. டி. தேவநந்தனுடனும், 1962இல் அவர் மறைந்தபின் தாமே இயக்குநராகவும் தாமஸ் ஆற்றிய பணி இந்த நம்பிக்கையின் மேல் எழுந்தது. 1976இல் வெளியான இந்தியச் சமயச் சார்பற்ற சித்தாந்தங்கள் பற்றிய நூலில் தாராளவாத தேசியம், சோசலிசம், மார்க்சியம், பிராமண எதிர்ப்புச் சமத்துவ இயக்கங்கள் ஆகியவற்றை அவர் எடுத்துக்கொண்ட முறை மறுப்பாளரின் முறையன்று. ஒவ்வொன்றும் எந்த மனித மாண்பை முன்வைத்தது என்று முதலில் கேட்கிறார். அந்த மாண்பைக் காக்க அதனால் இயலுமா என்று பிறகு கேட்கிறார்.

இதனால் அவர் எதிர்ப்பையும் சந்தித்தார். 1971இல் வெளியான, மீட்பையும் மனிதமயமாதலையும் இணைத்துப் பேசிய சிறு நூல் கடும் விவாதத்தைக் கிளப்பியது. நற்செய்தியைச் சமூகச் சீர்திருத்தமாகக் குறைத்துவிட்டார் என்று பலர் குற்றஞ்சாட்டினர். தென்னிந்தியத் திருச்சபையின் பேராயராகப் பணியாற்றிய லெஸ்லி நியூபிகின் அவருடன் எழுத்து வழியே விவாதித்தார். திருச்சபைக்கு வெளியிலும் கிறிஸ்துவை மையமாகக் கொண்ட கூட்டுறவு உருவாக முடியும் என்பது தாமஸின் நிலை. கண்ணுக்குத் தெரியும் விசுவாசிகளின் சமூகம் இன்றி அது நிலைக்குமா என்பது நியூபிகினின் கேள்வி. இருவரும் நண்பர்கள், இருவரும் தத்தம் நிலையை விட்டுக்கொடுக்கவில்லை.

கோட்பாடாக இருந்த இச்சிந்தனைக்கு 1975இல் சோதனை வந்தது. ஜூன் 25 இரவு நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. இருபது அம்சத் திட்டம் ஏழைகளின் பெயரால் முன்வைக்கப்பட்டது. ஒழுங்கும் உற்பத்தியும் நாட்டைக் காப்பாற்றும் என்று சொல்லப்பட்டது. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி அதை ஆதரித்தது. திருச்சபைத் தலைவர் பலர் மௌனம் காத்தனர், வரவேற்றவர்களும் உண்டு. நேருவின் சோசலிச மரபை மதித்த தாமஸ், அந்த மரபின் பெயராலேயே சிறைகள் நிரப்பப்படுவதைக் கண்டார். விசாரணையின்றிச் சிறைப்பட்டோர் ஒரு லட்சத்துக்கும் மேல். 1976-77ஆம் நிதியாண்டில் மட்டும் செய்யப்பட்ட கருத்தடை அறுவைகள் 80 லட்சத்துக்கும் மேல். ஏழையை உயர்த்துவதாகச் சொன்ன திட்டம் ஏழையின் உடலையே இலக்கு எண்ணாக மாற்றியது. சென்னையிலிருந்து வெளிவந்த 'கார்டியன்' என்ற கிறிஸ்தவ வார இதழிலும் பிற இடங்களிலும் தாமஸ் நெருக்கடிநிலையை எதிர்த்து எழுதினார். அவ்வெழுத்துகள் 1979இல் நூலாயின. வளர்ச்சிக்காக உரிமையை ஒத்திவைக்கலாம் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. கேள்விக்கு அப்பாற்பட்டதாகத் தன்னை ஆக்கிக்கொள்ளும் அரசு, கடவுளுக்குரிய இடத்தில் அமர்கிறது என்பதே அவருடைய வாதத்தின் சாரம். 1975ஆம் ஆண்டின் இறுதியில் நைரோபியில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றப் பேரவையில், போராட்டத்துக்கு ஏற்ற ஓர் ஆன்மிகம் தேவை என்று பேசினார். களத்தை விட்டு விலகாமல், களத்தில் நிற்பவர் தம்மையும் விசாரித்துக்கொள்ளும் மனநிலையை அத்தொடரால் குறித்தார்.

தாமஸின் சிந்தனைக்கு எதிரான வலுவான கேள்வி ஒடுக்கப்பட்டோரிடமிருந்து எழுகிறது. எல்லோரும் பாவிகள், எல்லோருக்கும் மன்னிப்பு வேண்டும் என்று சொல்லும்போது, அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே வரிசையில் நிற்கவைக்கப்படுகிறார்கள். மன்னிப்பின் பெயரால் நீதி தள்ளிப்போடப்பட்ட வரலாறு நீண்டது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருந்த சபைகளில் மன்னிப்பைப் பற்றிய பிரசங்கத்துக்குக் குறைவே இருந்ததில்லை. 1980களில் அரவிந்த் பி. நிர்மல் முதலியோர் தலித் இறையியலை உருவாக்கியபோது, முந்தைய இந்தியக் கிறிஸ்தவ இறையியல் உயர்சாதி மரபுகளோடு மட்டுமே உரையாடிக்கொண்டிருந்ததைச் சுட்டிக்காட்டினர். தாமஸ் சார்ந்திருந்த சிரியன் கிறிஸ்தவச் சமூகமும் சாதிப்படிநிலையில் மேலே அமர்ந்திருந்த சமூகமே. அவருடைய நூல்களில் இக்கேள்விக்கு முழுமையான விடை கிடைப்பதில்லை. மன்னிப்பு நீதிக்கு மாற்றாக வரக்கூடாது, நீதிக்கான போராட்டத்தின் உள்ளே இருக்க வேண்டும் என்பதே அவர் நூல்களிலிருந்து பெறக்கூடிய விடை. அதைச் சொல்லும் உரிமை எவருக்கு உண்டு என்ற கேள்வி எஞ்சியே இருக்கிறது.

முதுமையில் அதிகாரம் அவரையே தேடி வந்தது. 1990இல் நாகாலாந்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். 1992இல் முதலமைச்சர் வாமுசோவின் பரிந்துரையை ஏற்று, மத்திய அரசைக் கலந்துகொள்ளாமல் சட்டமன்றத்தைக் கலைத்தார். மத்திய அரசு குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவந்தது. தாமஸ் பதவியை இழந்தார். 1996 டிசம்பர் 3 அன்று மறைந்தார்.

அவர் மறைவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே சோவியத் ஒன்றியம் இல்லாமற்போயிருந்தது. மீட்பை வாக்களிக்கும் சித்தாந்தங்கள் அத்துடன் முடிந்துவிட்டதாக அன்று பலர் எழுதினார்கள். பிறகு வந்த ஆண்டுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. சந்தை மீட்கும் என்றார்கள். தொழில்நுட்பம் மீட்கும் என்றார்கள். மதத்தின் கொடியேந்திய தேசம் மீட்கும் என்கிறார்கள். இவற்றுள் கடைசி வாக்குறுதி சமயச் சார்பற்றதுகூட அன்று. ஆயினும் தாமஸ் தம் காலத்துச் சித்தாந்தங்களிடமும் தம் சபையிடமும் கேட்ட கேள்வியை இவை ஒவ்வொன்றிடமும் கேட்க இயலும்: உங்கள் கையால் ஒருவருக்கு அநீதி நேர்ந்தால், அதை ஒப்புக்கொள்ள உங்கள் அமைப்பில் இடம் எங்கே இருக்கிறது?